குறைந்த மைல், நிறைய வயசு: பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கும் முன் அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது

2001 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (துணிக்கூரையைத் திறந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார்), ஓடியது 21,000 மைல்தான், ஒரே உரிமையாளர், எப்போதும் ஷெட்டுக்குள்தான் நின்றது என்று விளம்பரம் பார்த்தால் யாருக்கும் மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. இங்கிலாந்தில் இருக்கும் எனக்கு மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு கார் கிடைத்தது, வாங்கினேன். இன்றும் வைத்திருக்கிறேன், விற்கிற எண்ணமே இல்லை. ஆனால் வாங்கிய முதல் ஆறு மாதத்தில் அதற்கு ஆன செலவைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. மீட்டர் எண்ணுவது சக்கரம் உருண்டதை மட்டும். ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் ஆயில், பெட்ரோல், பேட்டரி எல்லாம் வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கும். அதிகம் ஓடாத கார் என்றால் அதிகம் நின்ற கார் என்றுதான் அர்த்தம். நிற்பதால் வரும் நோய்கள் வேறு, ஓடுவதால் வரும் தேய்மானம் வேறு. ஒரு அறிகுறி தெரிந்தால் அது இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

கீழே எழுதியிருப்பது 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டருக்கு. 986 என்பது இதன் உள்பெயர், கார் பிரியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் வந்தது 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 2000 மாடலிலிருந்து 2.7 லிட்டர் ஆனது, கூடவே 3.2 லிட்டர், 252 குதிரைத்திறனோடு எஸ் வந்தது. ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் இன்ஜின், இருக்கைகளுக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். போர்ஷேயின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான 911-ன் அதே காலத்து மாடல், அதாவது 996, இதே எம்96 இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

மைல் கணக்கு இடிக்கிறது

காரைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே இதை வீட்டிலிருந்தே சரிபார்த்துவிடலாம். இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்ற வருடாந்தரச் சோதனையின் வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்பர் பிளேட் எண் ஒன்று போதும். 2005-லிருந்து ஒவ்வொரு சோதனையிலும் மீட்டரில் இருந்த மைல், தேறியதா, என்னென்ன எச்சரிக்கை எழுதினார்கள் எல்லாம் வரும். மைல் ஒரு வருடம் ஏறி அடுத்த வருடம் இறங்கியிருந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள். நடுவில் மூன்று நான்கு வருடம் காலியாக இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். சாலைக்கு எடுக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தக் காலத்துக்குச் சோதனை தேவையில்லை. ஆனால் அத்தனை வருடம் கார் எங்கே, எப்படி நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்தரை போட்ட வறண்ட ஷெட்டா, தார்ப்பாய் போர்த்திய புல்தரையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எச்சரிக்கைக் குறிப்புகளையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். 'பிரேக் குழாயில் துரு' என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்து எந்த ரசீதிலும் குழாய் மாற்றியதாக இல்லை என்றால், அந்த உரிமையாளர் காரைப் பார்த்துக்கொண்ட விதம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு சோதனை இருக்கிறது, இதை வெகு சிலர்தான் கேட்கிறார்கள். 2000 மாடலிலிருந்து வந்த கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும். போர்ஷேக்கான ஸ்கேனரைப் போட்டால் படிக்கலாம். மைலை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 21,000 மைல், 700 மணி என்றால் சராசரி 30 மைல் வேகம், அது நியாயமான எண். அதே 21,000 மைலுக்கு 1,900 மணி காட்டினால் சராசரி 11 மைல்தான் வரும். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாழ்நாள் முழுக்க அந்த வேகத்தில் ஊர்ந்திருக்க முடியாது. யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

அதே ஸ்கேனரில் இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிய பதிவும் இருக்கும். இரண்டு வகையாகப் பிரித்திருப்பார்கள். முதல் வகை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி உச்ச வரம்பைத் தொட்டது, அதில் பயமில்லை. இரண்டாவது வகை வரம்பையும் தாண்டியது. அஞ்சாவது கியருக்குப் போக வேண்டியவர் தவறி மூன்றாவதில் போட்டால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். அது கடைசியாக எந்த மணியில் நடந்தது என்பதையும் பாருங்கள். நடந்து நூற்றுக்கணக்கான மணி கழித்தும் இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்றால் சேதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் நடந்திருந்தால் வேறு கார் பாருங்கள்.

நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

போன் பேசும்போதே, 'நான் வரும் வரை தயவுசெய்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் கை குலுக்கிவிட்டு, பின்னால் நடுவில் இருக்கும் சைலன்சர் குழாயின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் காரணம் கேளுங்கள். பேட்டரி இறங்கியிருந்தது, ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தேன் என்பது உண்மையாகக்கூட இருக்கலாம். சண்டை போடத் தேவையில்லை. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். கீழே சொல்லப்போகும் புகையும் சத்தமும் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில்தான் உண்மையைச் சொல்லும்.

ரிமோட் ஒரு தடவை வேலை செய்கிறது, ஒரு தடவை செய்யவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நான் ஏமாந்த இடம் இதுதான்.

நான் பார்க்கப் போன காரில் ரிமோட்டின் முதல் அழுத்தலுக்குப் பூட்டு திறக்கவில்லை, இரண்டாவதுக்குத் திறந்தது. விற்றவர், 'சாவியில் பேட்டரி பழசு, மாற்றினால் சரியாகிவிடும்' என்றார். நம்பினேன். வாங்கி இரண்டு வாரம் கழித்து ஒரு மழை ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் தானாக அலற ஆரம்பித்தது. சாவியால் அடக்க முடியவில்லை. பேட்டரியைக் கழற்றித்தான் நிறுத்தினேன். காலையில் இருக்கைக்குக் கீழே கையை விட்டுக் கம்பளத்தை அழுத்தினேன். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அழுத்தியதும் விரல்களைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தது. கம்பளத்துக்கு அடியில் கட்டியான ஸ்பாஞ்ச் இருக்கிறது, அது மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தின் நடுவில்தான் அலாரமும், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசரும் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் வந்த வழி இது. மடங்கிய துணிக்கூரை போய் உட்காரும் பள்ளத்தில் விழும் மழைநீர் வடிய இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. மரத்தடியில் பல வருடம் நின்ற கார் என்றால் இலை, பாசி, தூசி சேர்ந்து ஓட்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். முன்னால் பேட்டரி இருக்கும் பகுதியிலும் இதே மாதிரி வடிகால்கள் உண்டு. தினமும் ஓடும் காரில் யாராவது ஈர வாசனையைக் கவனித்திருப்பார்கள். நிற்கும் காரில் யார் கவனிப்பது?

நீங்கள் செய்ய வேண்டியது: கூரையைப் பாதி வரை திறந்து நிறுத்துங்கள். பின் ஓரங்களில் வடிகால் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் அனுமதித்தால் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். பிறகு இரண்டு இருக்கைக்கு அடியிலும் கம்பளத்தை உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். ஈரம் இருந்தால், ரிமோட் அன்றைக்கு வேலை செய்தாலும் அந்தப் பெட்டிக்கு ஆயுள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தக் காரின் சாவியோடு குறியீட்டால் இணைந்தது. வேறு காரிலிருந்து கழற்றி வந்து மாட்டினால் அப்படியே வேலை செய்யாது. என் பெட்டியை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் திறந்து சுத்தம் செய்து, பூத்துப்போன இடங்களைப் பற்றவைத்துக் கொடுத்தார். இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கிவைத்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் போட்டு ஒன்பது நாள் காயவைத்தேன். வடிகாலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம், ரப்பர் குழாய் கிழிந்துவிடும். புல் வெட்டும் மெஷினில் சுற்றுகிற தடித்த நைலான் நரம்பு போதும்.

சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்கவில்லை, ஆனால் கம்பளம் காய்ந்திருக்கிறது என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு சாவித்துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் மின்சுவிட்சை. பின்னது இந்தக் காரில் சகஜமாகப் போகும். பாகமும் விலை அதிகமில்லை.

ஸ்டார்ட் செய்ததும் பின்னால் புகை

படுத்த சிலிண்டர் இன்ஜின் என்பதால் நிற்கும்போது கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் கசிந்து தேங்கும். சரிவில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆறிய இன்ஜினை எழுப்பும்போது ஒரு குபுக் என்று நீலப்புகை வந்து சில நொடியில் மறைந்தால் அது அதன் சுபாவம்.

தெருவையே மறைக்கிற மாதிரி வெள்ளைப்புகை கிளம்பி, நிமிடக்கணக்கில் நிற்காமல், ஐட்லிங்கும் ஏறி இறங்கினால் ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் பாகம் போயிருக்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இன்ஜின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். சரிபார்ப்பது சுலபம். பின் டிக்கிக்குள் ஆயில் ஊற்றும் மூடி இருக்கிறது. ஐட்லிங்கில் அதைத் திருகித் தூக்கிப் பாருங்கள். லேசான இழுவிசை இருக்கலாம். உறிஞ்சி ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது என்றால் சவ்வு போய்விட்டது. காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அளவுக்கு இது பெரிய நோய் இல்லை, விலையில் குறைக்கலாம். ஆனால் அந்தப் புகையோடு நீண்ட தூரம் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

புகை குறைவு, ஆனால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஈரமான காலையில் அதிகமாகிறது என்றால் இக்னிஷன் காயில்களில் விரிசல் பாருங்கள். சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு உண்டு, சூட்டிலும் மழையிலும் வெளியே தெரிகிற இடத்தில் இருப்பதால் வெடிக்கும். பல வருடப் பழைய பெட்ரோலும் இதே மாதிரி நாடகம் ஆடும். டாங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல் என்று கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது, அதில் 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தி வைக்கும் காருக்கு எத்தனால் குறைவான இ5 வகை உயர்தரப் பெட்ரோல்தான் நல்லது.

டிக் டிக் என்று ஒரு சத்தம்

எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். அவசரப்படாமல் இருபது நிமிடமாவது காரோடு நில்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒன்றிரண்டு நொடி சங்கிலி உரசுவது மாதிரி கடகடத்து நின்றால், ஆயில் அழுத்தம் ஏறும் வரை சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் தளர்ந்திருந்தன என்று பொருள். சில நிமிடம் டிக் டிக் என்று கேட்டு, சூடேறக் குறைந்து நின்றுவிட்டால் வால்வைத் தள்ளித் திறக்கும் வால்வ் லிஃப்டர்கள். நீண்ட நாள் நின்ற இன்ஜினில் அவற்றிலிருந்த ஆயில் வடிந்துவிடும். இரண்டும் நின்றதால் வருபவை. புது ஆயில் ஊற்றி நாலு தடவை நன்றாகச் சூடாகும்படி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தலைகீழாக இருந்தால்தான் கவலை. ஆறியிருக்கும்போது அமைதி, சூடானபின் ஒரே பக்கத்திலிருந்து சீராகத் தட்டும் சத்தம், ஆயிலும் குறைகிறது என்றால் சிலிண்டர் சுவர் கீறிப்போயிருக்கலாம். இது 2.5, 2.7 பாக்ஸ்டர்களில் அபூர்வம். 996-ன் 3.6 இன்ஜினிலும், 911-ன் அடுத்த தலைமுறையான 997-ன் 3.8-லும்தான் பேர் வாங்கியது. 911-ல் இரண்டு பக்கமும் தனித்தனி சைலன்சர் முனை இருப்பதால், ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று இருந்தால் சந்தேகம் வரும். பாக்ஸ்டரில் முனை நடுவில், இரண்டு பக்கப் புகையும் அங்கேதான் வரும், அந்தத் துப்பு கிடைக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. கீறல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம்

காரை லிஃப்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இடத்துக்காகத்தான். பக்கத்தில் உள்ள ஒரு கராஜில் அரை மணி நேரம் காசு கொடுத்து ஏற்றிப் பார்க்கலாம்.

அந்தச் சந்திப்பில் லேசான ஈரம், ஒரு துளி தொங்கி நிற்கிறது என்றால் பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்சீல் கசிகிறது. இந்த இன்ஜின்களில் இது ரொம்பச் சாதாரணம், நின்ற காரில் சீல் காய்ந்து இன்னும் சீக்கிரம் கசியும். தரையில் குளம் கட்டாத வரை அடுத்த கிளட்ச் வேலையின்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அதே இடத்தில்தான் ஐ.எம்.எஸ். பேரிங்கும் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சியை வாங்கிச் சங்கிலி வழியாக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுக்கும் இடைத்தண்டு ஒன்று உண்டு, ஐ.எம்.எஸ். என்பது அதுதான். அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடிய உருண்டை பேரிங். அது உடைந்தால் சங்கிலியின் நேரக்கணக்கு தவறி வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தோடு இன்ஜின் போச்சு. பெரும்பாலும் முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் தராது. ஆரம்பக் கார்களில் இரட்டை வரிசை உருண்டைகள் இருந்தன, அவை உறுதியானவை. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், அதுதான் பலவீனமானது. அமெரிக்காவில் 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான பாக்ஸ்டர், 911 உரிமையாளர்களுக்காக நடந்த கூட்டு வழக்கு இதைப் பற்றியதுதான். 2013-ல் சமரசத்தில் முடிந்தது.

குறைந்த மைல் கார் வாங்குபவர் இதை மனதில் வைக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. பேரிங்கின் உள்ளே இருந்த கிரீஸை இன்ஜின் ஆயில் வருடக்கணக்கில் கழுவிவிடுகிறது. பிறகு அதற்குள் தேங்கி நிற்பது பழைய, அமிலம் ஏறிய ஆயில். வாரம்தோறும் நன்றாக ஓடி, வருடம்தோறும் ஆயில் மாறும் காரில் அந்தப் பேரிங் பிழைத்துக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றி, மாதம் ஒரு தடவை ஐந்து நிமிடம் எழுப்பி அணைத்த காரில்தான் அதற்கு அதிகக் கஷ்டம். இந்த இன்ஜின்களையே திறந்து வேலை செய்யும் மெக்கானிக்குகளிடம் கேட்டால், ஓடிய காரைவிட நின்ற காரில்தான் பயம் என்கிறார்கள். எனக்கும் 21,000 மைலைவிட, 90,000 மைலும் கட்டாக ரசீதுகளும்தான் இப்போது பெரிதாகத் தெரிகிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை வெட்டி விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் புது ஆயிலும் ஃபில்டரும் உங்கள் செலவில் போடுவதாகச் சொல்லுங்கள், பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால் சங்கிலி உரசும் வழித்தடத்திலிருந்து வந்தது, கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை. பளபளக்கும் தூளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு, பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும், பேரிங் ஏற்கெனவே மாற்றியிருக்கிறதா என்று ரசீதைக் கேளுங்கள். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும் என்பதால், கிளட்ச், பின்சீல், பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் செய்வதுதான் புத்திசாலித்தனம். செய்யாத காரானால் அந்த மொத்தச் செலவை ஒரு போர்ஷே ஸ்பெஷலிஸ்டிடம் எழுத்தில் வாங்கி, விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

டிக்கி கம்பளத்தில் ஈரம், இனிப்பு வாசனை

கூலன்ட் தொட்டி பின் டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் வயதாகி விரிசல் விட்டுக் கசியும், கம்பளம் ஈரமாகும். மோந்து பார்த்தால் மழைநீரா கூலன்டா என்று உடனே தெரிந்துவிடும். தொட்டியை மாற்றுவது கை நுழையாத வேலை, கூலி அதிகம். மூடி பழசாக இருந்தால் அதிலிருந்தும் கசியும், அதை முதலில் மாற்றிப் பார்ப்பது நல்லது. நின்ற காரில் தண்ணீர் பம்ப்பின் சீலும் காய்ந்திருக்கும். ஓட்டிவிட்டு வந்து பத்து நிமிடம் நிறுத்தி, அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஓட்டும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, பிரேக் இழுக்கிறது

முதலில் டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண். 2314 என்றால் 2014-ம் வருடத்தின் 23-வது வாரம். குறைந்த மைல் காரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருக்கும், ரப்பரோ கல்லாக இறுகியிருக்கும். கார்களில் வயதை மட்டும் காரணமாகச் சொல்லி எம்.ஓ.டி.யில் டயரைத் தோற்கடிக்க மாட்டார்கள். அதனால் சோதனையில் தேறியது என்ற பேச்சை நம்ப வேண்டாம். நின்ற இடத்தில் தட்டையான டயர் முதல் சில மைல் நடுங்கி, சூடேறியதும் சரியாகலாம். சரியாகாவிட்டால் நாலும் மாற்ற வேண்டும். பத்து வயது டயரில் மழையில் இந்தக் காரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. நடுவில் இன்ஜின் உள்ள கார் பின்பக்கம் வழுக்கினால் சமாளிக்க நேரம் தராது.

பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமான துரு நாலைந்து தடவை அழுத்தினால் போய்விடும். குழி விழுந்திருந்தால் போகாது. வெளிப்பக்கம் பளபளத்தாலும் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், துரு அங்கேதான் தின்னும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது போர்ஷேயின் கணக்கு. சர்வீஸ் புத்தகத்தில் அதற்கு முத்திரை இருக்கிறதா? கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் வேலை செய்கிறது. பெடல் கீழே போய் மெதுவாக மேலே வந்தால் அந்த ஆயில்தான் முதல் சந்தேகம்.

மேட்டில் ஏறும்போது முன்னால் 'டங்' என்று கேட்டால் காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், துரு ஏறி ஸ்பிரிங் முறிவது இந்தக் காரில் வழக்கம்.

கூரை பாதியில் நிற்கிறது, பின்கண்ணாடி மங்கல்

2003 மாடலுக்கு முன்பு வந்தவற்றில் பின் ஜன்னல் கண்ணாடி இல்லை, வளையும் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் மடித்தே வைத்திருந்தால் மடிப்பில் பழுப்புக் கோடு விழுந்து, குளிரில் திறக்கும்போது படக்கென்று கீறிவிடும். கூரையைத் திறக்கும்போது பாதியில் நிறுத்தி, பிளாஸ்டிக்கை உள்ளங்கை ஓரத்தால் மெதுவாகத் தட்டி மடிப்பைச் சரியாக விழ வைத்தபின்தான் மிச்சத்தைத் திறக்க வேண்டும். விற்பவர் இதைத் தானாகவே செய்தால் நல்ல கையிலிருந்து வந்த கார் என்று எனக்கு நம்பிக்கை வரும். கூரையின் ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பின்தங்கினால் உடனே சுவிட்சை விடுங்கள். தள்ளுக்கம்பியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் குமிழ் உடைந்திருக்கும். தொடர்ந்து அழுத்தினால் கூரைச் சட்டமே வளையும்.

ஏ.சி. குளிரவில்லை என்றால் 'கேஸ் மட்டும் போட்டால் போதும்' என்பதை ஏற்காதீர்கள். முன் பம்பரின் இரண்டு வாய்க்குள்ளும் எட்டிப் பாருங்கள். இலை நிரம்பி ஈரத்தோடு கிடந்தால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் அரித்து ஓட்டையாகியிருக்கும், அதற்குப் பின்னால் உள்ள ரேடியேட்டரும் அதே கதிதான்.

எந்த அறிகுறியும் இல்லை

இப்படியும் கார்கள் உண்டு. அப்போதும் இந்த இன்ஜின் தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சோதனை செய்யுங்கள், விற்பவர் காட்டும் ஆளிடம் வேண்டாம். டீலரிடம் வாங்கினால் 2015-ம் வருடத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் பெரிய பாதுகாப்பு இல்லை. அதனால் விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், எஞ்சின் பெல்ட், பழைய டயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். ஐந்நூறு மைல் ஓடியதும் ஆயில் ஃபில்டரை மறுபடி வெட்டிப் பாருங்கள், முதல் தடவை பார்த்ததோடு ஒப்பிடுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். டேஷ்போர்டில் தண்ணீர் முள் ஐந்து பத்து நிமிடத்தில் ஏறிவிடும். ஆயில் சூடாக இன்னும் அவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்கு முன்பு இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போக வேண்டாம். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். அந்த வாரம் ஓட்ட நேரமில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டு அப்படியே நிற்க விடுங்கள்.